சகலரும் அறிக: பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கை அரசாங்க அறிவித்தல்களின் உரைநடை

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஒரே வழியில் நடந்திருக்கின்றனர். உரையாசிரியர்களிடத்தில் தொடங்கி, வீரமாமுனிவரைத் தொட்டு, நல்லூர் ஆறுமுக நாவலரிடம் நெடிது நின்று, பின்னர் நாவலாசிரியர்களிடமும் சிறுகதை ஆசிரியர்களிடமும் வந்து சேர்வர். அவ்வழியின் ஓரத்திலே ஒரு பெரிய கட்டடம் நிற்கின்றது. அதனைக் கண்டும் காணாதார் போலக் கடந்து போவர். அரசாங்க வர்த்தமானியே அக்கட்டடம்.

கடந்து போவதற்குக் காரணம் இல்லாமலில்லை. வர்த்தமானியின் தமிழ் இன்பம் பயப்பதன்று. எனினும் ஒரு நாவலை வாசியாது விட்டமையால் நிலத்தை இழந்தவர் ஒருவருமிலர். மரத்திலே ஒட்டப்பட்ட ஓர் அறிவித்தலை விளங்கிக்கொள்ளாமையால் நிலத்தை இழந்தவர் இந்நாட்டில் உண்டு. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட தமிழ் உரைநடையுள், விளக்கமாயிருக்கவேண்டிய கடப்பாடு மிகுதியும் உடையது எதுவென்று கேட்பின், அறிவித்தலின் உரைநடையே என்பேன். அக்கடப்பாட்டை அது எவ்வளவுக்கு நிறைவேற்றியது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

இலங்கை அரசாங்க வர்த்தமானியின் முதல் இதழ் 1802ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆம் தேதி வெளிவந்தது. அப்பொழுது தேசாதிபதியாயிருந்தவர் பிரெடெரிக் நோர்த். கரையோர மாகாணங்கள் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கையைவிட்டு முடிக்குரிய குடியேற்ற நாடாகியதும் அவ்வாண்டின் தொடக்கத்திலேயாம். அச்சுக்கூடமோ ஒல்லாந்தர் வைத்துச்சென்றது. 1737ஆம் ஆண்டளவிலேயே கொழும்பில் அவர்கள் சிங்களத்தில் அச்சிடத் தொடங்கிவிட்டனர். வந்த அரசாங்கம் போன அரசாங்கத்தின் எழுத்துக்களைக்கொண்டே பேசத் தொடங்கியது. தொடக்கக் காலத்து இதழ்கள் இன்றுள்ளவை போல் வறண்டவையல்ல. தீவிலே வேறு செய்தித்தாள் இல்லாமையால், கப்பல் வந்ததும் போனதும், கலியாணமும் சாவும், ஏலமும் அவற்றில் இடம்பெற்றன. வர்த்தமானி என்ற தமிழ்ப்பெயரும் நிகழ்காலத்தைக் குறிக்கும் வர்த்தமானம் என்ற சொல்லினடியாக வந்ததே. நடப்பதைச் சொல்வது என்று பொருள். நடப்பதைச் சொல்லத் தொடங்கிய தாள், போகப்போக நடக்கவேண்டியதைக் கட்டளையிடும் தாளாயிற்று.

வர்த்தமானி பிறப்பதற்கு முன்னரே நோர்த் வெளியிட்ட ஓர் பிரசித்தம் நம்மவர்க்கு நன்கு அறிமுகமானது. 1799ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் தேதிய அப்பிரசித்தம், கரையோர மாகாணத்தவர் யாவர்க்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் தத்தம் வழிபாட்டை அமைதியாக நடத்தும் உரிமையையும் அளித்தது. ஒல்லாந்தர் காலத்தில் ஒளித்துப் பூசை செய்த சைவர்க்கு இது பெருவரமாயிற்று என்று நம் சரித்திர ஆசிரியர்கள் எழுதுவர்; அது மெய்யே. ஆயின் அவர்கள் முதற்பாகத்தை எடுத்துக்கூறி நிறுத்திவிடுகின்றனர். அதன் பிற்பாகம், தேசாதிபதியின் அனுமதியின்றிப் புதிய வழிபாட்டுத்தலம் எதனையும் நிறுவலாகாது என்கின்றது. தலையிலே கொடை, வாலிலே தடை. இவ்வமைப்பை வாசகர் மனத்திற்கொள்ளல் வேண்டும். நூறாண்டுக் காலத்து அறிவித்தல்களை வாசிப்பதற்கு அது ஒரு திறவுகோல்.

இனி, வர்த்தமானித் தமிழைப் பழிப்போர் முதலில் கைவைப்பது அதன் சொற்களிலேயே. கச்சேரி, தோம்பு, நொத்தாரிசு, பிஸ்கால், விதானை, கோறளை என்றிவ்வாறு உருதும் போர்த்துக்கீசமும் ஒல்லாந்தமும் சிங்களமும் கலந்து கிடக்கின்றன, இது தமிழா என்று கேட்பர். இக்குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன். தோம்பு என்ற சொல்லுக்குப் பதிலாக நிலவுரிமைப் பதிவேடு என்று எழுதியிருப்பின், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கமக்காரன் ஒருவனுக்கும் அது விளங்கியிராது. பெயர் தோம்பில் இருக்கின்றதா இல்லையா என்பதிலே அவனுடைய வாழ்வு தங்கியிருந்தது. கச்சேரி என்றால் தமிழ்நாட்டார்க்குப் பாட்டு. ஈழத்தார்க்கு அது ஏசண்டுத் துரை இருக்கும் இடம். சொல் எங்கிருந்து வந்தால் என்ன? வயலிலும் சந்தையிலும் வழங்கினால் அது ஊரின் சொல்லே. அன்றியும், வர்த்தமானி நமக்குத் தந்த நல்ல தமிழ்ச்சொற்களும் உள. தேசாதிபதி, கட்டளைச் சட்டம், முடிக்குரிய காணி என்பவற்றை எடுத்துப் பார்க்க. முடிக்குரிய காணி என்ற தொடர் எவ்வளவு கச்சிதமானது! அதன் பொருள் எவ்வளவு கசப்பானதாயினும் சொல்லமைதி குறைவற்றது.

குற்றம் சொல்லில் இல்லை, வாக்கியத்தில் இருக்கின்றது. அதனைக் காட்டுதற்கு 1897ஆம் ஆண்டின் முதலாம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட அறிவித்தல்களிலும் பொருத்தமான சான்று வேறில்லை. இதற்கு முன்னோடி 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியன, மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவென்றே கொள்ளப்படும் என்று அது விதித்தது. நிரூபிக்கும் பாரம் குடியானவன் தலையில் விழுந்தது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிச் சுட்டு விதைக்கும் சேனை நிலத்துக்கு உறுதி எழுதிவைத்தவர் யார்? பாட்டன் வெட்டினான், தகப்பன் வெட்டினான் என்பதே அவர்களுடைய உறுதி. 1897ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே சென்றது. ஒரு நிலம் காடாக, சேனையாக, தரிசாக அல்லது குடியிருப்பற்றதாக ஏசண்டருக்குத் தோன்றினால், அவர் ஓர் அறிவித்தல் வெளியிடலாம். அதிற் குறித்த தேதியிலிருந்து மூன்று மாதத்துள் ஒருவரும் உரிமை கோராவிடின் நிலம் முடிக்குரியதாகிவிடும். அறிவித்தல் ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் வர்த்தமானியில் வரவேண்டும், பிரதிகள் காணியிலும் கச்சேரியிலும் ஒட்டப்படவேண்டும், பறையறைந்தும் தெரிவிக்கவேண்டும். ஏட்டளவில் இதைவிட நேர்மையான ஏற்பாட்டை எவரும் கேட்டல் அரிது.

இவ்வறிவித்தல்களின் நடையிலே வாக்கியம் ஒன்றை நானே கட்டி இங்குத் தருகின்றேன். இது எந்த இதழிலுமிருந்து எடுத்ததன்று. ஆயின் பழைய இதழ்களைப் புரட்டியவர் இதன் முகத்தை அடையாளம் காண்பர்.

"பிட்டிகல் கோறளை வடக்கில் முன்னேஸ்வரம் பற்றைச் சேர்ந்த இன்ன ஊரின்கண்ணே, வடக்கில் இன்னாருக்குரியதெனப்படும் தென்னந்தோட்டத்தாலும், கிழக்கில் வாய்க்காலாலும், தெற்கில் முடிக்குரிய காட்டாலும், மேற்கில் வண்டிப் பாதையாலும் எல்லைப்படுத்தப்பட்டதும், காடு அல்லது சேனை அல்லது தரிசு அல்லது குடியிருப்பற்ற நிலமெனக் காணப்படுவதும், இன்ன இலக்கப் படத்தில் வரையப்பட்டதுமான காணித்துண்டின் பேரில், இதிற் குறிக்கப்பட்ட தேதி தொடங்கி மூன்று மாத காலத்துள் கீழே கையொப்பமிட்டவருக்கு யாதோர் உரிமையும் எவராலும் சமர்ப்பிக்கப்படாதவிடத்து, அது முடியின் ஆதனமென்று கொள்ளப்படுமென இதனால் அறிவிக்கப்படுகின்றது."

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. எழுவாயும் பயனிலையும் இணங்கி நிற்கின்றன. ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிக்கிருக்கின்றது. பரீட்சையில் இதற்கு முழுப்புள்ளியும் கொடுக்கலாம். ஆயினும் இதைக் கேட்டவன் செய்யவேண்டியது என்ன? வரவேண்டும், உரிமையைச் சொல்லவேண்டும். அந்த ஏவல் இவ்வாக்கியத்தில் எங்கேயிருக்கின்றது? "சமர்ப்பிக்கப்படாதவிடத்து" என்ற ஒரு சொல்லுக்குள்ளே, செயப்பாட்டு வினையும் எதிர்மறையும் நிபந்தனையுமாக மூன்று போர்வை போர்த்துக்கொண்டு படுத்திருக்கின்றது. "வா" என்று ஒருவரும் ஒருவரையும் அழைக்கவில்லை. காணப்படுவதும், வரையப்பட்டதும், கொள்ளப்படுவதும், அறிவிக்கப்படுவதும் உண்டு. காண்பவனும் வரைந்தவனும் கொள்பவனும் எங்கேயும் இல்லை. நிலத்தை எடுத்துக்கொள்ளும் கை மட்டும் மறைந்து, எடுபடும் நிலம் நான்கு எல்லையோடு துலங்குகின்றது.

இதற்கு மூலமான ஆங்கில வாக்கியமும் நீளமானதே; அதுவும் செயப்பாட்டு வினையிலேயே ஓடும். ஆனால் ஆங்கிலத்தில் அறிவிக்கின்றோம் என்ற முதன்மை வாக்கியம் தலையில் நிற்கும். கேட்பவன் காதை நிமிர்த்திக்கொள்வான். தமிழிலே வினை இறுதியில் வரும் இயல்பினால், மூலத்தை ஒரே வாக்கியமாகப் பெயர்க்க முனைந்தவர் எல்லாவற்றையும் வினைக்கு முன்னே அடுக்கவேண்டியதாயிற்று. வாலில் இருந்தது தலைக்கும் தலையில் இருந்தது வாலுக்கும் போயின. வடக்கெல்லையைக் கேட்கத் தொடங்கியவன் மூன்று மாதத்தைக் கேட்குமுன் களைத்துவிடுவான். மூலத்துக்கு உண்மையாயிருக்க விரும்பிய மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தின் எண்ணிக்கைக்கு உண்மையாயிருந்தார், கேட்பவனுக்கு உண்மையாயிருக்கவில்லை. அவரை முற்றாகக் குறை கூறவும் மனம் வரவில்லை. ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் நீதிமன்றத்தில் பொருள் மாறிவிட்டதென்று எவனாவது வாதாடுவான் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கும். உடைக்காமல் விட்டால் அவரை ஒருவரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

உடைத்திருந்தால் எப்படியிருக்கும்? "இந்தக் காணி உம்முடையதானால் மூன்று மாதத்துள் கச்சேரிக்கு வந்து சொல்லும். சொல்லாவிட்டால் அரசாங்கம் இதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். காணியின் எல்லை பின்வருமாறு." இவ்வளவே. அக்காலத்துத் தமிழுக்கு இது இயலாத காரியமன்று. நாவலர் அவர்கள் தாம் வெளியிட்ட பொது அறிவித்தல்களுக்கு விக்கியாபனம் என்று பெயரிட்டார். பெயர் கேட்க வடமொழியாயினும், உள்ளே யார் கேட்கின்றார், எதைக் கேட்கின்றார், யாரிடம் கேட்கின்றார் என்பதில் மயக்கம் இராது. அவருடைய வாக்கியங்களும் நீண்டவையே. ஆகவே நீளம் தன்னளவில் குற்றமன்று என்பது பெறப்படும். நாவலர் ஒருவரை நோக்கிப் பேசினார். வர்த்தமானி ஒருவரையும் நோக்காது பேசியது.

முன்னேஸ்வரத்திலே வாழ்பவனுக்கு இன்னோர் ஒப்பீடும் கண்முன்னே நிற்கின்றது. கோட்டையிலிருந்து அரசாண்ட ஆறாம் பராக்கிரமபாகு பதினைந்தாம் நூற்றாண்டில் இக்கோயிலுக்கு அளித்த சாசனம் கல்லிலே உள்ளது. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், ஏனையது தமிழிலும் பொறிக்கப்பட்டது. சிங்கள நாட்டரசன் தன் குடிகளில் ஒரு பகுதியார்க்கு அவர்களுடைய மொழியில் பேசிய அறிவித்தல் என்று அதனைக் கொள்ளலாம். யார் கொடுக்கின்றார் என்பது அதன் தலையிலேயே நிற்கின்றது: அரசன் பெயர், பட்டம், ஆட்சியாண்டு. பின்பு யாருக்கு, எந்த நிலம் என்பன வரும். சந்திர சூரியர் உள்ளவரை என்ற காலவரையறை, நம் சாசன மரபிலே மூன்று மாதத்தின் இடத்தில் நிற்பது. போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் கோயிலை இடித்தனர். கண்டியரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1753ஆம் ஆண்டில் அதனை மீட்டெடுத்து, செப்பேட்டாலும் நிலங்களை உறுதிப்படுத்தினான். 1875ஆம் ஆண்டிலே, அதாவது வர்த்தமானி பேராட்சி செலுத்திய காலத்திலேயே, மீண்டும் கும்பாபிடேகம் நடந்தது.

ஒப்பீட்டை நியாயமாகச் செய்யவேண்டும். கல்லில் நிலைப்பவை கொடைகளே. வரி வாங்கிய ஓலையும் நிலத்தைப் பறித்த ஓலையும் கறையானுக்கு இரையாகிவிட்டன. கோட்டை அரசனின் இறைகாரன் ஊராருக்கு எவ்வகைத் தமிழில் பேசினான் என்பது நமக்கு எட்டாது. கொடுப்பவன் தன் பெயரை முன்னே வைப்பதும் எடுப்பவன் பெயரை மறைப்பதும் எக்காலத்துக்கும் பொதுவாயிருத்தல் கூடும். எனினும் ஒன்று சொல்லலாம்: "நான் கொடுத்தேன்" என்று நேரே கூறக்கூடிய அரசமொழி ஒன்று இத்தமிழில் நானூறு ஆண்டுக்கு முன்னரே பழகியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் முன்மாதிரியின்றித் தவித்தார் என்று வாதிப்போர் இக்கல்லை வந்து பார்த்தல் நலம்.

இவ்வூர்ப் பகுதியிலே இரு மொழியும் அறிந்த ஒருவர் இருந்தார் என்பதையும் மறத்தற்கில்லை. கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் நூல் செய்தார்; 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாயிருந்து 1860இல் காலமானார். அவருடைய மேசையைக் கடந்து எத்தனை அறிவித்தல்கள் போயிருக்கும்! அவர் தம் ஆற்றலை ஆங்கில நூலுக்கு அளித்தார். அலுவலகத் தமிழை எழுதுவினைஞரிடம் விட்டுவிட்டனர் அக்காலத்துக் கற்றோர். இதை அவருடைய தனிக்குறையாகக் கூறவில்லை. இன்றைய பட்டதாரிகளாகிய நாமும் அதையே செய்கின்றோம்.

மொழி அறியாத கை ஒப்பமிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1848ஆம் ஆண்டுக் கலகத்திலே ஒரு விநோதமான வழக்கு உண்டு. நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும் வரி, வீதி வேலைக்கு ஆறு நாள் உழைப்பு என்று தொறிங்ரன் தேசாதிபதி விதித்தவை மாத்தளை, குருநாகல் பகுதிகளில் கலகத்தை எழுப்பின. படைத்துறைச் சட்டம் பிறந்தது. மாத்தளையில் அதிகாரம் செலுத்திய கப்டன் உவாற்சன் என்பாரின் ஒப்பத்தோடு சிங்களத்திலே சில அறிவித்தல்கள் உலவின. சொத்தை ஒளித்து வைப்போர்க்குக் கடுந்தண்டனை என்று அவை அச்சுறுத்தின. பிரித்தானியப் பாராளுமன்றக் குழு விசாரித்தபோது, அவ்வொப்பம் தம்முடையதன்று என்று உவாற்சன் மறுத்தார். உண்மையறிய 1850ஆம் ஆண்டில் இலங்கையிலேயே ஓர் ஆணைக்குழு இருந்து சாட்சியம் கேட்டது. ஒப்பம் யாருடையது என்பது அவர்கள் கேள்வி. நம் கேள்வி வேறு. ஒப்பம் அவருடையதேயாயினும், அதன் மேலேயுள்ள சொற்கள் அவருடையனவா? அவர் வாசிக்க இயலாத எழுத்திலே உயிரையும் சொத்தையும் தொடும் கட்டளை அவர் பெயரால் சென்றிருக்கின்றது. கீழே கையொப்பமிட்டவருக்கும் மேலே எழுதப்பட்டதற்கும் இடையிலே ஒரு பெயரற்ற எழுதுவினைஞன் நிற்கின்றான். குடியேற்ற நாட்டின் உரைநடைக்கு மெய்யான ஆசிரியன் அவனே.

அவனுக்கும் அப்பால் இன்னொருவன் நின்றான், அவன் பறையறைந்தவன். சட்டமே பறையை வேண்டியது என்று முன்னர்க் கூறினேன். தாளை வாசிக்க அறியாத ஊரிலே அறிவித்தலின் வெளியீடு மெய்யாக நிகழ்ந்தது தாளில் அன்று, தோலில். பறை அறைந்தவன் எல்லையை நான்கு திசையும் ஒப்பித்திருக்கமாட்டான். சந்தியிலே நின்று, "இன்ன காடு துரைக்குப் போகப்போகுது, சொந்தக்காரர் கச்சேரிக்கு ஓடுங்கோ" என்ற அளவிலேதான் கூவியிருப்பான் என்று எண்ணுகின்றேன். என் எண்ணம் சரியாயின், மொழிபெயர்ப்பாளர் செய்யத் துணியாத வாக்கியப் பிரிப்பை அவன் நாள்தோறும் செய்தான். அவன் கூவியது ஒரு சுவடிச்சாலையிலும் இல்லை. அறிவித்தல் முறைப்படி வெளியிடப்பட்டதா என்று பின்னாளில் வழக்காடியோர் தாளையே காட்டினர்.

மேலே நான் கட்டிய வாக்கியத்தில் முன்னேஸ்வரம் பற்று என்று எழுதியது வெறும் அழகுக்காக அன்று. சிலாப மாவட்டத்தின் பிட்டிகல் கோறளை வடக்கிலே முன்னேஸ்வரம் பற்றும் ஆனைவிழுந்தான் பற்றும் உள்ளன. பற்று என்பதும் தமிழ், ஆனைவிழுந்தான் என்பதும் தமிழ். தென்னைச் செய்கை இக்கரையெங்கும் பரந்து, காட்டுக்கு விலை பிறந்த காலத்திலேயே அறிவித்தல்களும் பெருகின. அன்று தமிழ் வழங்கிய ஊர்கள் பலவற்றிலே இன்று சிங்களமே வழங்குகின்றது. உடப்பு போன்ற சில ஊர்கள் தமிழில் நிற்கின்றன. மொழி மாறியதற்குப் பாடசாலையும் கோயிற்பற்றும் கலியாணமுமாகக் காரணங்கள் பலவுண்டு. அவற்றை வர்த்தமானியின் தலையில் சுமத்த வரவில்லை. ஆனால் ஊர்ப்பெயரைத் தமிழாகவே பேணிக்கொண்டு, ஊரார்க்குத் தமிழாக விளங்காத வாக்கியத்தில் அதனைப் பதித்துவைத்த ஏடு ஒன்று உண்டென்றால், அது இதுவே.

தரிசு நிலச் சட்டத்தின் இடத்தை 1931ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காணித் தீர்வுக் கட்டளைச் சட்டம் எடுத்துக்கொண்டது. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழியாயிற்று. இன்று வர்த்தமானி மும்மொழியிலும் வருகின்றது. தமிழ்ப் பக்கத்தை விளங்கிக்கொள்ள ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பும் பழக்கம் மட்டும் கற்றோரிடத்தில் மாறவில்லை; நானும் அதற்கு விலக்கல்லன்.

சென்ற தவணையிலே என் உயர்தர வகுப்பு மாணவர்க்கு மேற்படி வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, காணிச் சொந்தக்காரன் செய்யவேண்டியது யாதென்று கேட்டேன். வினைமுற்றைக் கண்டுபிடித்தார்கள், செயப்பாட்டு வினைகளுக்குக் கோடிட்டார்கள். சொந்தக்காரன் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, எல்லாம் செய்யப்பட்டுவிட்டது என்று பலர் விடை எழுதியிருந்தனர். உடப்பிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் விடை எழுதாமல் எழுந்து நின்று, "சேர், நோட்டீசு ஒட்டின மரத்தை ஆரும் வெட்டிப்போட்டால் மூண்டு மாசம் எப்ப துவங்கும்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. கேள்வி சிரிப்புக்குரியதன்று, சட்டத்திலே அதற்கு விடை உண்டு. தேதி அறிவித்தலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். மரம் நின்றாலும் விழுந்தாலும் நாள் ஓடிக்கொண்டேயிருக்கும் என்று அவளுக்குச் சொன்னேன்.